வைகாசி 25, காலை ஒன்பது மணி

சிங்காநல்லூர், கோவை
2.3.2025

அன்புத் தம்பி வேலுமணிக்கு,

அக்கா ப்ரியா எழுதுவது. இங்கே நான், மாமா, பாப்பா, அம்மா எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. மலையில் உனக்குப் பிடித்திருந்த சளி விட்டதா?

கையில் போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் உன்னிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா அதைப் பிடுங்கிப் பெண் ஜாதகம் பேச ஆரம்பித்துவிடுகிறது. அம்மா விட்டாலும் உங்கள் எஸ்டேட்டில் மேகம் இறங்கி டவர் போய்விடுகிறது. நான் சொல்ல வந்தது பாதியில் அறுந்துபோகிற விஷயம் இல்லை.

நான் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பம் போட்டுவிட்டேன். சிரிக்காதே. வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேரப் படிப்பு. சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு முழுக்கவும் வகுப்பு, மூன்று வருஷம். முடிக்கும்போது எனக்கு நாற்பத்தாறு வயதாகியிருக்கும். படிக்காவிட்டாலும் நாற்பத்தாறு ஆகத்தானே போகிறது!

எங்கள் கம்பெனியில் டெஸ்பாட்ச் முழுக்க என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். பம்புசெட் பாட்னாவுக்குப் போனாலும் பனாமாவுக்குப் போனாலும் என் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டாது. ஆனால் மேனேஜர் என்ற பலகை மட்டும் என் மேஜைக்கு வராது, முதுகலைப் பட்டம் வேண்டுமாம். புதிதாக வருகிற மேனேஜருக்கு முதல் மாதம் நான் வேலை சொல்லிக்கொடுப்பேன், இரண்டாவது மாதத்திலிருந்து அவர் எனக்கு லீவு கொடுப்பார். இப்படியே போகிறது.

அந்தப் பலகைக்காக மட்டும் இல்லை, தம்பி. எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? நிறைய ஆசையாக இருக்கிறது.

கம்பெனியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வேண்டும். ஜி.எம். திருமலைசாமி சார் உடனே கையெழுத்துப் போட்டார். அவர் ஜூன் மாசக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். "அம்மிணி, சேர்றதுன்னா இந்த வருசமே சேர்ந்துக்குங்க. எனக்குப் பொறவு வாரவரு இதையெல்லாம் ஒத்துக்குவாரான்னு நான் சொல்ல முடியாதுங்க" என்றார். ஆக, இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

மாமாவுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சீட் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், நீயும் உளறிவைக்காதே.

மப்ளர் கட்டாமல் பைக் எடுக்காதே.

உன் அக்கா,
ப்ரியா

*

வால்பாறை
14.3.2025

அக்காவுக்கு வணக்கம் சொல்லித் தம்பி எழுதுகிறேன்.

சளி விட்டது, இருமல் பிடித்துக்கொண்டது. மற்றபடி திடமாக இருக்கிறேன். பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்ததா?

உன் லெட்டரை டீ ஃபேக்டரியில் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே படித்தேன். படித்து முடித்ததும் பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றுதானே எழுதியிருந்தாய், வால்பாறையிடம் சொல்லாதே என்று எழுதவில்லையே! நம் பஸ் கண்டக்டர் உவைஸ், "அக்கா பேரு போட்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சுருவோமுங்களா?" என்று கேட்கிறான். இன்னும் பரீட்சையே எழுதவில்லை, பொறுடா என்று அடக்கி வைத்திருக்கிறேன்.

நீ பலகை வாங்குவாயோ மாட்டாயோ, எனக்கு அது இரண்டாம்பட்சம். என் அக்கா எம்.பி.ஏ. படிக்கிறது என்று சொல்லும்போது வாய் நிறைகிறது. நான் டிப்ளமோ வாங்கியபோது நீ தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாய் இல்லையா, அதற்குப் பதில் மரியாதை செய்ய எனக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும். நன்றாக எழுது.

என் சங்கதி ஒன்று. போன ஞாயிறு கருமத்தம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனேன். வழக்கமாக என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு வேலை வால்பாறையில் என்று சொன்னதும் கொடுத்த காபியைத் திருப்பி வாங்கிக்கொள்ளாத குறையாக முகம் சுருங்கும். முப்பத்தெட்டு வயதில் இது எனக்குப் பழகிவிட்டது. இந்தப் பெண் அப்படி இல்லை. "அங்க மழை எத்தனை மாசமுங்க?" என்று நேராக என்னைக் கேட்டாள். ஆறு மாசம் என்றேன். "துணி எப்படிங்க காயுது?" என்றாள். ஃபேக்டரி டிரையர் பக்கத்தில் என்றேன், சிரித்துவிட்டாள். பெயர் எழில். ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு பார்க்கிறாள்.

இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி,
வேலுமணி

*

சிங்காநல்லூர்
22.4.2025

என் கண்ணு வேலுமணிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. உன் மலையில் கொஞ்சம் குளிரை டப்பாவில் அடைத்து அனுப்பு.

எழிலைப் பற்றி அம்மா முழுக்கதையும் சொல்லிவிட்டது. துணி எப்படிக் காயும் என்று கேட்ட பெண் குடும்பம் நடத்தத் தயாராகத்தான் கேட்டிருக்கிறாள். மறுபேச்சுப் பேசாமல் சரி என்று சொல்லிவிடு.

நான் நுழைவுத்தேர்வு எழுதிவிட்டேன், தேறியும் விட்டேன்! ஹாலுக்குள் போனதும் ஒரு பையன் எழுந்து, "மேடம், பெற்றோர் வெளியே இருக்கணுமுங்க" என்றான். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். பாவம், பரீட்சை முடிகிறவரை என் பக்கம் திரும்பவே இல்லை. கணக்கில் கொஞ்சம் தடுமாறினேன். மற்றதை வெளுத்து வாங்கினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

இனி நேர்முகத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் கூப்பிடுவார்களாம். தேதி அவர்கள் சொல்வதுதான். அன்றைக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நான் ஏன் போகாமல் இருக்கப் போகிறேன்? காய்ச்சல் வந்தாலும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லி மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தினமும் குளித்து முடித்துக் கண்ணாடி முன்னால் நின்று, என்னைப் பற்றிச் சொல்லிப் பழகுகிறேன். பாப்பா கதவைத் தட்டி, "அம்மா, உங்க இன்டர்வியூ முடிஞ்சா நான் பல்லு தேய்க்கோணும்" என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை ஆகப் போகிறவன் கன்னம் ஒட்டிப்போய் நிற்கக் கூடாது.

அக்கா ப்ரியா

*

வால்பாறை
3.5.2025

அக்கா,

எல்லோரும் நலம்தானே? நான் நலம் என்பதற்கு மேல் இருக்கிறேன்.

நாள் குறித்தாகிவிட்டது. வைகாசி 25, ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. நம் ஊர் சத்தியமங்கலத்திலேயே மண்டபம் பிடித்துவிட்டோம். எழிலின் அப்பா முகூர்த்த நேரத்தைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் தூரத்திலிருந்து வருவதால் விடியற்காலை முகூர்த்தம் வேண்டாம், ஒன்பது மணிதான் தோது என்றார்.

கல்யாணச் சீரெல்லாம் நடத்திவைக்கிற நம் அருமைக்காரர் சடங்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இணைச்சீர் வந்ததும், "மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ இருக்கறாளா?" என்று கேட்டார். "இருக்கறாங்க, எம்.பி.ஏ. படிக்கறாங்க" என்றேன். அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கூறைப்புடவையின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீ பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தச் சீர் முடியாமல் தாலி மேடைக்கு வராது. ஒன்பது மணிக்கெல்லாம் அதுதான் நடந்துகொண்டிருக்கும்.

இத்தனை வருஷம் மற்றவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன் அக்கா. என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நீ உட்காருவதை நினைத்தால் இப்போதே மணவறையில் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருக்கிறது.

இன்டர்வியூ தேதி வந்துவிட்டதா? எழுது.

வேலுமணி

*

சிங்காநல்லூர்
14.5.2025

ஆசைத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மா முழங்காலை மறந்துவிட்டு ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி இறங்குகிறது.

கூறைப்புடவை எடுத்தாகிவிட்டது. அரக்கில் பச்சைக் கரை. எழில் நிறத்துக்குப் பொருந்தும். உனக்குப் பட்டு வேட்டி, சட்டை தயார். சட்டை அளவு பழையதுதானே? இருமலில் இளைத்திருந்தால் இப்போதே சொல். சமையலுக்கு மாமா கோபிப் பக்கம் ஆள் பேசியிருக்கிறார். தேங்காய்ப்பால் உண்டு, கச்சாயம் உண்டு. உன் சிநேகிதர்கள் மலையிலிருந்து எத்தனை பேர் இறங்குவார்கள் என்று கணக்குச் சொன்னால் அறை போடச் சௌகரியமாக இருக்கும். எனக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டு. மாமா எடுத்துக் கொடுத்தார். விலை கேட்டேன், பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்திரிகை நன்றாக வந்திருக்கிறது. என் ஆபீஸ் ஆட்களுக்கு நீயே உன் கையால் விலாசம் எழுதித் தபாலில் அனுப்பிவிடு. மாப்பிள்ளை எழுதினால் அவர்களுக்கு மரியாதை. விலாசமெல்லாம் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா

*

கோவை
14.5.2025

பெறுநர்: சேர்க்கை அலுவலர், பகுதிநேர எம்.பி.ஏ.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 8.6.2025 ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு என்று நேற்று மின்னஞ்சல் வந்தது. மிக்க மகிழ்ச்சி.

அதே நாள், அதே நேரத்தில் சத்தியமங்கலத்தில் என் தம்பியின் திருமணம். மணமகனின் ஒரே சகோதரி நான். சகோதரி உட்கார்ந்து செய்ய வேண்டிய சீர் ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதற்கு வேறு ஆள் வைக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின நாளோ அடுத்த நாளோ எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் வந்துவிடுவேன். விடியற்காலையில் கூப்பிட்டாலும் வருவேன்.

தயவுசெய்து பரிசீலிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சண்முகப்ரியா

*

19.5.2025

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் இல்லத் திருமணத்துக்கு வாழ்த்துகள்.

தேர்வுக்குழு உறுப்பினர்கள் வெளியூரிலிருந்து அந்த ஒரு நாளுக்கு மட்டுமே வருகிறார்கள். எனவே தேதியையோ நேரத்தையோ மாற்ற இயலாது. காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு முடிந்துவிடும். வராதவர்கள் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கை அலுவலர்

*

வால்பாறை
23.5.2025

அக்காவுக்கு,

சௌக்கியமா? பத்திரிகை எல்லாம் தபாலில் சேர்த்துவிட்டேன். உன் ஜி.எம்.முக்கு முதலில் எழுதினேன்.

உன் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சேலை இருக்கிறது, சமையல் இருக்கிறது, கச்சாயம் இருக்கிறது. படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவது என்ன ஆயிற்று? இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்களா? கூப்பிடவில்லை என்றால் அதையும் சொல். அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். நீ சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மழை ஆரம்பித்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் மரம் விழுந்து பஸ் தாமதமாகிறது. அதனால் சீக்கிரம் பதில் போடு.

வேலுமணி

*

சிங்காநல்லூர்
27.5.2025

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

படிப்பை இந்த வருஷம் விட்டுவிட்டேன். ஆபீஸில் ஏற்றுமதி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு என்றால் பாப்பாவின் பத்தாம் வகுப்பை யார் பார்ப்பது? யோசித்துப் பார்த்தேன், சரிப்படாது என்று தோன்றியது. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நீ இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

முகத்துக்குச் சோப்புப் போடாமல் கடலைமாவு போடு. மூன்றாம் தேதியே இறங்கி வந்துவிடு. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மெஷினைக் கட்டிக்கொண்டு அழாதே.

அக்கா

*

வால்பாறை
31.5.2025

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. உவைஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

உன் ஜி.எம். எனக்குப் போன் செய்தார். பத்திரிகையில் போட்டிருந்த நம்பரைப் பார்த்துப் பல தடவை அடித்திருக்கிறார், டவர் கிடைக்கவில்லை. நேற்றுக் கிடைத்தது. "ஏனுங்க தம்பி, பத்திரிகை வந்துதுங்க, ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா அன்னைக்கு ஒம்போது மணிக்குத்தானுங்க அம்மிணிக்கு இன்டர்வியூ? மெயில் வந்தப்பவே எங்கிட்டச் சொன்னாங்க. ரெண்டையும் எப்படிங்க சமாளிக்கறாங்க?" என்றார்.

ஏற்றுமதி ஆர்டராம், பத்தாம் வகுப்பாம்! ஏனக்கா, என்னிடம் பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஃபேக்டரியில் ஒரு நட்டை முறுக்கி முறுக்கி உடைத்தே விட்டேன். சித்தப்பா மகளை இணைச்சீருக்கு உட்கார வைத்துவிட்டு நீ போயிருக்கலாம். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு சீரில் நானும் உட்கார மாட்டேன்.

அதனால் முகூர்த்தத்தை மாற்றிவிட்டேன். அதே நாளில் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் நல்ல முகூர்த்தம் இருக்கிறது, அருமைக்காரர் பார்த்துச் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு இணைச்சீர். ஐந்துக்குள் தாலி. ஆறரைக்கு மாமா உன்னைக் காரில் ஏற்றினால் புளியம்பட்டி, அன்னூர் வழியாக எட்டே முக்காலுக்குள் கோவை. ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்குப் பந்தி, வரவேற்பு எல்லாம் அப்படியே நடக்கும். எழில் வீட்டில் எல்லோரும் சம்மதம். ஒரு சிக்கலும் இல்லை.

நீ இனி இதில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று பழகு.

உன் தம்பி,
வேலுமணி

*

கருமத்தம்பட்டி
3.6.2025

அண்ணிக்கு எழில் வணக்கம் சொல்லி எழுதறேனுங்க.

நீங்களும் அத்தையும் சௌக்கியம்னு நினைக்கிறேன். இன்னும் உங்க வீட்டுக்கே வரலை, அதுக்குள்ளே லெட்டர் எழுதறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் லெட்டர்லதான் பேசிக்குவீங்கன்னு அவர் சொன்னார். அந்த வழியிலேயே நானும் வந்துட்டேன்.

எங்க வீட்டில் எல்லோரும் சம்மதம்னு அவர் எழுதியிருப்பார். அதை முழுக்க நம்பாதீங்க. அவர் சொல்லாததை நான் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையிலே பஸ் பிடிச்சு எங்க வீட்டுக்கு வந்தாருங்க. நனைஞ்ச சட்டையோட வாசல்லேயே நின்னு விஷயத்தைச் சொன்னார். அப்பா குதிச்சுட்டார். "பத்திரிகை ஊர் பூராப் போயாச்சு. இப்ப நேரத்தை மாத்துனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவானுங்க. இருட்டோட தாலி கட்டறதுன்னா என்னமோ ஏதோன்னுதான நெனைப்பாங்க?" என்றார். பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "ஒரு பொம்பளை பரீட்சைக்குப் போறதுக்காக ஒரு கண்ணாலத்தையே நகர்த்துவாங்களா?" என்று கேட்டார். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு வரைக்கும் பேச்சு போச்சுங்க.

அவர் சத்தம் போடலை. "எங்கக்கா உக்காராம எனக்குச் சீர் இல்லீங்க. எங்கக்கா அந்தப் பரீட்சைக்குப் போகாம எனக்குக் கண்ணாலமும் இல்லீங்க. உங்களுக்கு ஒத்து வரலைன்னா சொல்லிப்போடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேனுங்க" என்றார். வார்த்தையெல்லாம் மரியாதையாத்தான் இருந்துது. ஆனா நனைஞ்ச சட்டை நுனியைப் பிழிஞ்சுகிட்டே இருந்ததை நான் பார்த்தேனுங்க. இத்தனை வருஷம் காத்திருந்து அமைஞ்ச கல்யாணம் கைவிட்டுப் போயிடுமோன்னு அவருக்குப் பயம். பயந்துகிட்டேதான் சொன்னார்.

நான் உள்ளே இருந்து வந்து, "அப்பா, நாலரை மணிக்கே எனக்குத் தலை பின்னி முடிச்சிருக்கும்" என்றேன். அப்பா பேனாவை எடுத்துப் பழைய நேரத்தை அடிச்சுட்டு நாலரைன்னு குறிச்சார். இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருக்கிறார், அது தானாச் சரியாப்போகுமுங்க.

கூடப்பொறந்தவளுக்காக இப்படி வந்து நிக்கிறவரை நம்பி மலை ஏறலாம்னு எனக்குத் தோணுச்சு. அதைச் சொல்லத்தான் எழுதினேன். நீங்க நல்லாச் செஞ்சு ஜெயிக்கோணுமுங்க.

எழில்

*

சிங்காநல்லூர்
14.7.2025

என் தம்பி வேலுமணிக்கும் எழிலுக்கும்,

மலையில் இருவரும் நன்றாக இருக்கிறீர்களா? எழிலுக்கு அட்டை கடித்ததாமே, உப்பு வைத்தாளா? துணி காய்கிறதா? அம்மா எல்லோரிடமும், "எம்மக காலேசுக்குப் போறா" என்று சொல்லிச் சொல்லி, பால்காரர் என்னைப் பார்த்துப் பாடம் எப்படிப் போகுது என்று கேட்கிறார்.

லிஸ்ட் வந்த அன்று போனில் நீ கத்திய கத்தலில் எனக்கு ஒரு பக்கக் காது அடைத்துவிட்டது. சனிக்கிழமை முதல் வகுப்பு நடந்தது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று கோவையிலிருந்து திரும்பும்போது உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று வழியெல்லாம் கேட்டாய். "நல்லாப் போச்சு" என்று மட்டும் சொன்னேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், கல்யாண நாளில் அழக் கூடாது என்று இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

மாமா ஓட்டுவதாகத்தானே ஏற்பாடு? ஒன்பது மணிக்கு வருகிற ஜனத்தை வரவேற்கப் பெரிய ஆள் ஒருவர் வேண்டும் என்று மாமாவை மண்டபத்தில் நிறுத்திவிட்டு, நீ சாவியை வாங்கிக்கொண்டாய். மாலையும் கழுத்துமாக ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் கூச்சல் போட்டார்கள். எழில் அவர்களைப் பார்த்து, "நானும் கூடப் போறேனுங்க, அப்பறம் என்னங்க?" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிவிட்டாள். எழிலின் அப்பா வந்து காரின் கதவைச் சாத்தினார். கோபத்தில் சாத்துகிறார் என்றுதான் நினைத்தேன். "அம்மிணி, தைரியமாப் பேசுங்க" என்றார். அதை நீ கவனிக்கவில்லை, ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாய்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஓர் அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு சார். பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக நான் போனதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். போன மழையில் பாலக்காட்டு ரோடு அடைபட்டபோது கொச்சிக்குப் போக வேண்டிய கண்டெய்னரைத் தூத்துக்குடிக்குத் திருப்பிக் கப்பல் பிடித்ததைச் சொன்னேன். யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அந்த வார்த்தையை அப்படிப் பளிச்சென்று நான் இதுவரை சொன்னதே இல்லை தம்பி, எனக்கே நன்றாக இருந்தது. நிதி சம்பந்தமாக ஒரு சார் ஏதோ கேட்டார். தெரியாது சார், அதைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அந்த அம்மா சிரித்தார்.

கடைசியில் இன்னொரு சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "மூணு வருசமுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கூட உங்களுக்குன்னு இருக்காது. வேலை பாக்கற பொம்பளைங்க பாதியில நின்னுபோறதை நாங்க நெறையப் பாத்துட்டோம். உங்க குடும்பத்துல இதுக்குத் துணை இருக்குதுங்களா?"

இந்தக் கேள்விக்குக் கண்ணாடி முன்னால் எத்தனையோ விதமாகப் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு வெளியே பார்த்தேன். அந்த அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அதன் வழியாகக் கார் நிறுத்துகிற இடம் தெரிந்தது. செக்யூரிட்டி கொடுத்த நாற்காலியில் எழில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாலை, மடியில் என் கைப்பை. நீ உட்காரவில்லை. பட்டு வேட்டியோடும் மாலையோடும் வெயிலில் நின்று, நான் இருக்கிற கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எந்த ஜன்னல் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அங்க பாருங்க சார்" என்றேன்.

மூன்று பேரும் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள். "யாருங்க அவங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"என் தம்பிங்க மேடம். இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்குத்தான் கண்ணாலமாச்சுங்க. ஒம்போது மணிக்கு இருந்த முகூர்த்தத்தை எனக்காக மாத்திப்போட்டான். அவந்தானுங்க காரு ஓட்டிக் கூட்டியாந்தான்" என்றேன்.

கேள்வி கேட்ட சார் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "வேற கேள்வி இல்லீங்க. போயி அவரை நெழல்ல நிக்கச் சொல்லுங்க" என்றார்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிக்கு அழைக்க அம்மாவும் நானும் வருகிறோம். வெள்ளிக்கிழமை வந்துவிட்டுச் சனிக்கிழமை மதியத்துக்குள் நான் இறங்கிவிடுவேன், வகுப்பு இருக்கிறது.

உன் அக்கா,
சண்முகப்ரியா,
எம்.பி.ஏ., முதலாம் ஆண்டு